அபிஷா நின்ற விதம்

தேர்வுக்குழுவுக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் அரை மணி நேரம் பேசச் சொல்லியிருக்கிறார்கள். எனக்கு முன்னால் பேசிய இருவரும் தாங்கள் கண்டெடுத்த ஆட்டக்காரர்களைப் பற்றிச் சொன்னார்கள். கேட்க நன்றாக இருந்தது. எனக்கும் அப்படிச் சொல்ல இரண்டு மூன்று பெயர்கள் உண்டு. ஆனால் அவர்களை நான் இல்லாவிட்டாலும் வேறு யாராவது கண்டெடுத்திருப்பார்கள். என்னால் மட்டுமே ஆனது என்று நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். அதைத்தான் சொல்லப் போகிறேன். கேட்டு முடிக்கும்போது உங்களுக்குத் தெம்பு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நான் நாகர்கோவில்காரி. முப்பது வருடத்துக்கு மேல் பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தேன். சின்ன வயதில் மாநிலப் பெண்கள் கிரிக்கெட் அணிக்கு விக்கெட் கீப்பர். பள்ளி வேலை முடிந்த பிறகு அதே பெண்கள் அணிக்கு ஆட்களைத் தேர்ந்தெடுக்கும் மூன்று பேரில் ஒருத்தியாக ஐந்து வருடம். கீப்பராக நின்றவளுக்கு மட்டையாளரைப் பின்னாலிருந்து பார்த்துத்தான் பழக்கம். முகம் தெரியாது. கால் எங்கே போகிறது, கை எப்போது இறங்குகிறது என்பது தெரியும். அதனால் எந்த மைதானத்துக்குப் போனாலும் கீப்பருக்கு நேர் பின்னே, எல்லைக்கோட்டுக்கு வெளியே, ஒரு நாற்காலியைப் போட்டுக்கொள்வேன்.

நான் குழுவில் சேர்ந்த புதிதில், அப்போது தலைவராக இருந்த அம்மா ஒருவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நான் ஒரு பெண் மட்டை பிடிக்கும் விதத்தைப் பற்றிக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அவ எப்படி நிக்கிறாங்கிறத விடு. எப்படி அவுட் ஆகிறாங்கிறத மட்டும் பாரு. அதுக்குத்தான் உன்னை இங்க உக்கார வெச்சிருக்கு" என்றார். அவ்வளவுதான் அவர் எனக்குச் சொல்லித் தந்தது. அதுவே போதுமானதாக இருந்திருக்கும், நான் அதன்படி நடந்திருந்தால்.

அபிஷாவை முதலில் பார்த்தது நாகர்கோவிலில், ஒரு கல்லூரி மைதானத்தில். ஜூன் மாதம். எங்கள் பக்கத்துச் சாரலும் காற்றும் உங்களில் பலருக்குத் தெரியாது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியே காற்று சுழற்றும். பந்து யார் சொல்வதையும் கேட்காது. அவளுக்குப் பத்தொன்பது வயது. கல்லூரி அணிக்குத் தொடக்க ஆட்டக்காரி. இருபது ஓவர் ஆட்டங்களில் அடித்து நொறுக்குவாள் என்று மட்டும் கேள்விப்பட்டிருந்தேன். அன்று நடந்தது இரண்டு நாள் ஆட்டம்.

அவள் வந்து நின்றதும் எனக்குப் பின்னால் இருந்த கல்லூரிப் பிள்ளைகள் சிரித்தார்கள். லெக் ஸ்டம்புக்கும் வெளியே நின்றாள். தோளைக் காட்ட வேண்டிய இடத்தில் நெஞ்சு முழுவதையும் பந்துவீச்சாளருக்குக் காட்டிக்கொண்டு, மட்டையைத் தோளுக்கு மேலே தூக்கி, முருங்கைக்காய் பறிக்கப் போகிறவள் மாதிரி. பந்து கையை விட்டு வந்ததும் ஒரே எட்டில் குறுக்கே நகர்ந்து ஆஃப் ஸ்டம்புக்கு வந்துவிட்டாள். நானும் சிரித்தேன். இரண்டு ஓவர் தாங்க மாட்டாள் என்று நினைத்தேன்.

மதியச் சாப்பாட்டுக்கு மணியடித்தபோது அவள் ஆட்டமிழக்காமல் திரும்பி வந்தாள். அழகாக நின்ற நான்கு பிள்ளைகள் வெளியே போகிற பந்தைத் தொட்டு ஸ்லிப்பில் பிடி கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள். இவள் அந்தப் பந்துகளில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. மற்ற எல்லோரையும்விட மிகத் தாமதமாக, பந்து கண்ணுக்குக் கீழே வந்த பிறகுதான், மட்டையை இறக்கினாள். பின்னாலிருந்து பார்க்கிற எனக்கு அது தெரிந்தது. பக்கவாட்டில் உட்கார்ந்திருந்த யாருக்கும் தெரிந்திருக்காது.

கூப்பிட்டுக் கேட்டேன். "வெளிய போற பந்தை எப்பிடி மக்கா விடுத? யாரு சொல்லித் தந்தா?"

"அது எனக்க பந்து இல்லியே டீச்சர்" என்றாள்.

வீடு கீரிப்பாறையில். அம்மா அரசு ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுத் தொழிலாளி. ரப்பர் ஷீட் அடிக்கும் கொட்டகைக்கு முன்னால் உள்ள சிமெண்ட் முற்றத்தில்தான் இவளும் மாமா பிள்ளைகளும் விளையாடியிருக்கிறார்கள். "ஆஃப் சைடு முழுக்கப் பள்ளம் டீச்சர். அடிச்சவதான் எறங்கி எடுக்கணும். கேறி வரதுக்குள்ள காலு நெறைய அட்டை. அதனால அந்தப் பக்கம் போற பந்தைத் தொடவே மாட்டோம்." ஏன் இப்படி நேராகத் திரும்பி நிற்கிறாய் என்று கேட்டதற்கு, "மரத்துக்கு அடியில வெளிச்சம் கம்மி. ரெண்டு கண்ணும் வேணும்லா" என்றாள்.

மூன்று நாள், நான்கு நாள் ஆட்டத்தில் ஒரு தொடக்க ஆட்டக்காரருக்கு வேண்டியது இரண்டு. எந்தப் பந்தை விடுவது என்று தெரிய வேண்டும். ஆட வேண்டிய பந்தைத் தாமதமாக ஆட வேண்டும். பல பேருக்குப் பத்து வருடப் பயிற்சியில் வராத அந்த இரண்டையும் அவளுக்கு அட்டைப்பூச்சியும் மரநிழலும் கற்றுக்கொடுத்திருந்தன. அன்றைக்கே எனக்கு இது தெரியும். நான் அறியாமல் செய்துவிட்டேன் என்று யாரும் பிறகு எனக்காகப் பரிந்து பேசக்கூடாது என்பதற்காக இதை அழுத்திச் சொல்கிறேன்.

அந்த வருடம்தான் பெண்களுக்கு நாட்கணக்கில் ஆடும் ஆட்டம் வெகுகாலத்துக்குப் பிறகு திரும்ப வந்தது. டெஸ்ட் ஆடுகிற பெண்களை அங்கிருந்துதான் எடுப்பார்கள் என்று பேச்சு. எங்கள் மூன்று பேரில் யாரும் அப்படியொரு அணியை அதற்கு முன் தேர்ந்தெடுத்ததில்லை. எல்லோருக்கும் உள்ளுக்குள் பயம்.

கூட்டம் சென்னையில் நடந்தது. பத்துப் பெயர்கள் அரை மணி நேரத்தில் முடிந்தன. அபிஷாவின் பெயரில் வந்து நின்றது. எங்கள் புதிய தலைவர் அவர் காலத்தில் தொடக்க ஆட்டக்காரர். மட்டை நேராக இறங்குவதைப் பார்க்கவே ஆட்கள் வருவார்கள், அப்படிப்பட்ட ஆட்டம். அபிஷாவின் வீடியோவை மடிக்கணினியில் ஓடவிட்டு, பாதியிலேயே நிறுத்தினார்.

"இது இருபது ஓவர் ஆட்டத்துக்குச் சரி. நாலு பந்து அடிச்சா லாபம், அவுட் ஆனா போகட்டும். டெஸ்ட் மாதிரி ஆட்டத்துல நல்ல வேகப்பந்துக்காரி ஒருத்தி காலைல புதுப் பந்தோட வந்தா, இந்தப் பொண்ணு குறுக்க நகரும்போதே கால்ல வாங்கி எல்பிடபிள்யூ. ஒரு தடவை இல்ல, ஒவ்வொரு தடவையும்."

மூன்றாமவர் வேகப்பந்து வீசியவர். அதிகம் பேசாதவர். அவர் சொன்னார்: "போன மாசம் வலைப்பயிற்சில நானே அவளுக்கு அரை மணி நேரம் போட்டேன். எங்க போடுறதுன்னே எனக்குத் தெரியல. அப்படியே எடுக்கலாம்னு நான் சொல்றேன்."

ஒன்றுக்கு ஒன்று. இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

நான் வாயைத் திறப்பதற்குள் தலைவர் சிரித்துக்கொண்டே, "நீங்க எப்படியும் எடுக்கணும்னுதான் சொல்வீங்க. உங்க ஊர்ப் பொண்ணாச்சே" என்றார்.

விளையாட்டாகத்தான் சொன்னார். அதில் விஷம் இல்லை. ஆனால் எனக்கு முகம் சூடானது. முப்பது வருடம் வேலை பார்த்து, எந்தப் பிள்ளைக்கும் வேண்டியவள் வேண்டாதவள் பார்க்கவில்லை என்பதுதான் என் கர்வமாக இருந்தது. அந்த ஒரு வாக்கியத்தில் நான் அபிஷாவை மறந்துவிட்டேன். என்னைப் பற்றி இந்த அறையில் என்ன நினைப்பார்கள் என்பது மட்டும்தான் மிச்சமிருந்தது.

"எடுப்போம்" என்றேன். "ஆனா இப்படியே இல்ல. முகாமுக்கு ஆறு வாரம் இருக்கு. அவ நிக்கிற முறையைப் பயிற்சியாளர் திருத்தட்டும். திருந்தின பிறகு ஆடட்டும்."

அறையே இளகியது. தலைவர் மேசையைத் தட்டினார். "இதுதான் பக்குவம்" என்றார். வேகப்பந்துக்காரர் மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, தன் காகிதத்தைக் குனிந்து மடித்தார். அன்று ரயிலில் ஊர் திரும்பும்போது நான் மிகுந்த திருப்தியோடு இருந்தேன். யாரையும் பகைக்கவில்லை, பிள்ளையும் அணியில் இருக்கிறாள்.

செய்தியை நானே சொல்லிவிடுகிறேன் என்று பயிற்சியாளரிடம் கேட்டு வாங்கிக்கொண்டேன். கீரிப்பாறைக்குப் பேருந்தில் போனேன். மதியம். அம்மா தோட்டத்திலிருந்து வந்து கை கழுவிக்கொண்டிருந்தாள். எத்தனை சோப்பு போட்டாலும் போகாத ரப்பர் பால் வாடை. மாநில அணி என்று சொன்னதும் அபிஷா கட்டிலில் ஏறி நின்று கத்தினாள். அவள் இறங்கிய பிறகுதான் மற்றதைச் சொன்னேன். நிற்கும் முறையை மாற்ற வேண்டும், பெரிய ஆட்டத்துக்கு இது ஆகாது, ஆறு வாரத்தில் பழகிவிடலாம் என்று.

அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "அவ நிக்கது தப்புண்ணா அவளை எதுக்கு டீச்சர் எடுத்திய?"

கிரிக்கெட்டே தெரியாத அந்த அம்மா எங்கள் குழுவில் இருந்திருக்க வேண்டும். நான் ஏதோ சொல்லிச் சமாளிப்பதற்குள் அபிஷாவே குறுக்கிட்டாள். "நீ சும்மா இரி அம்மா. டீச்சருக்குத் தெரியாதா? டீச்சர் சொன்னா நான் மாத்துவேன்."

இதற்குப் பிறகு அவள் செய்த உழைப்பைச் சொன்னால் உங்களால் தாங்க முடியாது. முகாமில் முதலில் வருவதும் கடைசியில் போவதும் அவள்தான் என்று பயிற்சியாளர் சொன்னார். தரையில் சுண்ணாம்புக் கோடு போட்டு, அந்தக் கோட்டைக் கால் தாண்டாமல் ஆயிரக்கணக்கான தடவை ஆடியிருக்கிறாள். நான்காவது வாரம் நான் போய்ப் பார்த்தபோது என் கண்ணையே நம்ப முடியவில்லை. தோள் பந்துவீச்சாளரைப் பார்த்தது. மட்டை நேராக இறங்கியது. தலைவர் கைப்பேசியில் படம் எடுத்து எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார்.

நான் வழக்கம்போல வலைக்குப் பின்னால் போய் நின்றேன். பத்துப் பந்து பார்த்தேன். வெளியே போகிற பந்து ஒன்றுக்கு அவள் கை நீண்டது. இன்னொன்றுக்கும். முன்பு கண்ணுக்குக் கீழே வந்த பிறகு ஆடியவள், இப்போது ஒரு முழம் முன்னாலேயே பந்தைத் தேடிப் போனாள். பக்கவாட்டிலிருந்து பார்க்க அவ்வளவு அழகு. பின்னாலிருந்து பார்த்த எனக்கு, ஸ்லிப்பில் பிடி கொடுத்த அந்த நான்கு பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள்.

அப்போதே சொல்லியிருக்கலாம். பயிற்சியாளர் நல்ல மனிதர். நான் சொல்லியிருந்தால் கேட்டிருப்பார். சொல்லவில்லை. திருத்தச் சொன்னது நான். நான்கு வாரத்தில் நானே போய், வேண்டாம், பழையபடி விடுங்கள் என்றால் என்னைப் பற்றி என்ன நினைப்பார்கள்? போகப் போகச் சரியாகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நம் தொழிலில் "போகப் போகச் சரியாகும்" என்று தோன்றும்போதெல்லாம் நாம் எதையோ பார்த்துவிட்டோம் என்று பொருள்.

முதல் ஆட்டம். முதல் இன்னிங்ஸில் வெளியே போன பந்தைத் தொட்டு ஸ்லிப்பில் பிடி கொடுத்தாள். அப்படி அவள் அவுட் ஆகி நான் பார்த்ததே இல்லை. இரண்டாம் நாள் பிற்பகல் மறுபடியும் ஆட இறங்க வேண்டும். காலில் பேட் கட்டிக்கொண்டு, ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு, எல்லைக்கோட்டை ஒட்டி நடந்தவள் என் நாற்காலிக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். ஆட்டத்தின் நடுவில் அவள் அப்படி வரக்கூடாது. நானும் பேசக்கூடாது. எனக்கு இரண்டு நாற்காலி தள்ளித் தலைவர் இருந்தார்.

"டீச்சர்" என்றாள், குரலைத் தணித்து. "நான் பழையபடி நிக்கட்டா? பந்து தெரியவே மாட்டேங்குது. ஒரு கண்ணைக் கட்டிட்டு ஆடுத மாதிரி இருக்கு."

கேட்டது என்னிடம் மட்டும்தான். 'நில்லு மக்கா' என்று இரண்டு சொல் சொல்லியிருந்தால் போதும். நான் பக்கவாட்டில் பார்த்தேன். தலைவர் எங்களைக் கவனிக்கிறாரா என்று பார்த்தேன். அவர் அப்போது தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். எங்கள் பக்கம் திரும்பவே இல்லை.

"இப்பப் போட்டுக் குழப்பாத மக்கா. முகாம்ல சொன்னது போலவே ஆடு" என்றேன்.

"சரி டீச்சர்" என்று சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள்.

நான்காவது பந்து. புது முறையில் நின்றாள். பந்து கையை விட்டு வந்த நொடியில் உடம்பு பழைய பழக்கத்தில் குறுக்கே நகர, பாதியில் தன்னைத் தடுத்துக்கொண்டாள். இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை. மட்டைக்கும் காலுக்கும் நடுவே பந்து புகுந்து நடு ஸ்டம்பைச் சாய்த்தது. அவள் உடனே நகரவில்லை. தன் பாதங்களைக் குனிந்து பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் நின்றாள். நடுவர் பக்கத்தில் வந்து ஏதோ சொன்ன பிறகுதான் நடந்தாள்.

அடுத்த கூட்டத்தில் தலைவர் நிதானமாகப் பேசினார். "நாம வாய்ப்புக் கொடுத்தோம். ஆறு வாரம் உழைச்சோம். சில பேர் டெஸ்ட் மாதிரி ஆட்டத்துக்குப் பொறந்தவங்க இல்ல." அவர் மேல் எனக்குக் கோபமில்லை. தான் நம்பியதை முதல் நாளே முகத்துக்கு நேரே சொன்னவர் அவர். குறிப்பு எழுதும் முறை அன்று என்னுடையது. 'நீண்ட ஆட்டத்துக்கு ஏற்றவர் அல்ல' என்று என் கையால் எழுதினேன்.

அது பொய். அவளை நீண்ட ஆட்டத்தில் நாங்கள் சோதிக்கவே இல்லை. அவளுடைய சட்டையைப் போட்ட வேறொருத்தியைச் சோதித்தோம். கீரிப்பாறை முற்றத்தில் ஆடிய அந்தப் பிள்ளை நல்ல புதுப் பந்தைத் தாங்கியிருப்பாளா? தலைவர் சொன்னதுபோல ஒவ்வொரு தடவையும் எல்பிடபிள்யூ ஆகியிருப்பாளா? ஆகியிருக்கலாம். எனக்குத் தெரியாது. இனி யாருக்கும் தெரியப் போவதில்லை. தோற்றிருந்தாலும் அது அவளுடைய தோல்வியாக இருந்திருக்கும். அதை வைத்துக்கொண்டு அவளே ஏதாவது செய்திருப்பாள்.

பிறகு இருபது ஓவர் அணிக்கு அனுப்பினோம். அங்கே முன்பு அவளைத் தடுக்க ஆளில்லை. இப்போது மூன்று ஆட்டத்திலும் திணறினாள். நான்காவது ஆட்டத்தில் அவள் பெயர் இல்லை.

எனக்கு மனம் ஆறவில்லை. ஒரு சனிக்கிழமை அவளை நாகர்கோவிலுக்கு வரச் சொல்லி, வலைக்கு அழைத்துப்போனேன். "யாரும் சொன்னதை எல்லாம் விடு. நான் சொன்னதையும் விடு. நீ எங்க நிப்பியோ அங்க நில்லு" என்றேன். எங்கள் பள்ளியின் பழைய மாணவி ஒருத்தி பந்து போட்டாள்.

அபிஷா லெக் ஸ்டம்புக்கு வெளியே போய் நின்றாள். பிறகு கொஞ்சம் உள்ளே வந்தாள். மட்டையைத் தூக்கினாள், இறக்கினாள். இரண்டு பந்து ஆடினாள். மறுபடி இடம் மாறினாள். இப்படியே ஒரு மணி நேரம். நான் பின்னால் நின்று, "இன்னும் கொஞ்சம் வெளிய... தோளைத் திருப்பு... மட்டையை மேல" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். திடீரென்று என் குரல் என் காதில் விழுந்தது. அவளுடைய பழைய ஆட்டத்தையும் இப்போது நானேதான் அவளுக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

அவள் மட்டையை ஊன்றிக்கொண்டு திரும்பினாள். "முன்ன எங்க நின்னேன்னு எனக்கே தெரியல டீச்சர். அப்ப நான் அதை யோசிச்சதே இல்ல. இப்ப யோசிக்காம நிக்க முடியல."

அதன் பிறகு அவள் வலைக்கு வரவில்லை. நானும் கூப்பிடவில்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது சுருக்கம்தான். வழக்கத்துக்கு மாறான ஒருத்தி உங்கள் மேசைக்கு வருவாள். எடுக்கலாம் என்று தோன்றினால் அவள் இருக்கிறபடியே எடுங்கள். தோன்றாவிட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். இரண்டுக்கும் நடுவே நின்று எல்லோரையும் சமாதானப்படுத்துகிற ஒரு வழி தெரியும். அந்த அறையிலேயே மிகவும் அறிவான வழியாக அது தெரியும். அந்த வழியில் அடிபடுகிறவள் அறைக்குள் இருக்க மாட்டாள். இதைச் சொல்லிவிட்டேன் என்பதால் எனக்குப் பாரம் குறையவில்லை. நீங்களும் ஒருநாள் இதையே செய்வீர்கள் என்றும் எனக்குத் தோன்றுகிறது. அந்த அறையில் உட்காரும்போதுதான் அது எவ்வளவு சுலபம் என்று தெரியும்.

இந்த வருடம் குழுவிலிருந்து வெளியே வந்த பிறகு, குழித்துறையில் ஒரு செருப்புக் கடையில் அபிஷா வேலை பார்க்கிறாள் என்று கேள்விப்பட்டுப் போனேன். கடைச் சட்டை போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னாள். என் முட்டி வலி எப்படி இருக்கிறது என்று விசாரித்தாள். அம்மா இப்போதும் பால்வெட்டுக்குத்தான் போகிறாள் என்றாள். ஆட்டத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் தொடவில்லை. எழுந்திருக்கும்போதுதான் எனக்குத் தாங்கவில்லை.

"அண்ணைக்கு உனக்காகத்தான் பேசினேன் மக்கா. உன்னை விட்டுரக் கூடாதுன்னுதான் அப்பிடிச் சொன்னேன்" என்றேன்.

அவள் ஸ்டூலைப் பழைய இடத்துக்கு நகர்த்தினாள். குரலில் கோபம் எதுவும் இல்லை.

"அண்ணைக்கே என்னை வேண்டாம்னு சொல்லியிருந்திய எண்ணா, நான் இப்பவும் ஆடிட்டு இருப்பேன் டீச்சர்."

பக்கத்தில் ஒரு அம்மா குழந்தையோடு வந்து ஏழாம் நம்பர் இருக்கிறதா என்று கேட்டாள். அபிஷா "இருக்கு, எடுத்துட்டு வாறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.